மெட்டுக்கு உடையவர் யார்?

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் கூடும் ஜனத்திரளைப் பற்றி நாம் வர்ணிக்க வேண்டுவதில்லை. 14 கிலோமீட்டர் தூரம் மலையை வலம்வரும் அந்த லட்சக்கணக்கான ஜனங்களின் காதுகளில் இரவு முழுவதும் இடைவிடாது விழுவது பாட்டு. கடைகளின் ஒலிபெருக்கியில் பாட்டு. அன்னதானப் பந்தலில் பாட்டு. நடப்பவர் கைபேசியிலும் பாட்டு. இவற்றைப் பாடினவர் பெயர் பலருக்குத் தெரியும். எழுதினவர் பெயர் சிலருக்குத் தெரியும். மெட்டமைத்தவர் இன்னாரென்று விசாரிப்பார் அநேகமாய் ஒருவருமில்லை. அம்மெட்டினால் விளையும் வருமானம் எவர் பெட்டியில் போய்ச் சேருகிறது என்பதை மெட்டமைத்தவரேகூட விசாரிப்பதில்லை. இதுவே நமக்கு விசனம் தரும் விஷயம்.

சினிமாவுக்கும், தொலைக்காட்சித் தொடருக்கும், விளம்பரத்துக்கும், பக்திப் பாடல் வெளியீட்டுக்கும் இசையமைப்பது இன்று தமிழ்நாட்டில் ஒரு பெரிய ஜீவனோபாயமாகிவிட்டது. ஆரணி, போளூர், செய்யாறு முதலிய ஊர்களிலிருந்து எத்தனையோ வாலிபர்கள் ஒரு கீபோர்டும் ஒரு கம்ப்யூட்டரும் துணையாகச் சென்னைக்குப் பஸ் ஏறுகிறார்கள். நன்றாய்ச் சாதகம் செய், பெரியவர்களிடம் பணிந்து நட, சந்தர்ப்பம் தானே வரும் என்று ஊரார் புத்தி சொல்லி அனுப்புகின்றனர். இந்தப் புத்திமதியில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. தொழிலைக் கற்பது எவ்வாறு என்பதும், கற்ற தொழிலின் பலனைக் காப்பது எவ்வாறு என்பதும் ஒரே விஷயத்தின் இரு கூறுகள் என்பது நமது அபிப்பிராயம். என்னுடைய மெட்டு என்று சத்தியமாய்ச் சொல்லத்தக்கதை ஆக்கத் தெரியாதவனுக்கு உரிமை பேச வாயில்லை. ஆக்கத் தெரிந்தும் எழுத்துமூலமாக அதைத் தாரைவார்த்துவிட்டவனுக்கு வாய் இருந்தும் பயனில்லை.

முதலில் தொழிலைப் பற்றிச் சொல்லுவோம். அதைக் கற்கத் திருவண்ணாமலை வாலிபன் தன் ஜில்லாவை விட்டு உடனே வெளியேற வேண்டிய அவசியமில்லை. அருணகிரிநாதர் இவ்வூரில் தோன்றியவர் என்பது வழிவழி வரும் வரலாறு. அவருடைய திருப்புகழ்ப் புத்தகத்தை எடுத்துப் பார்ப்பவர்கள், ஒவ்வொரு பாட்டின் தலையிலும் தனதன, தந்தன என்று சந்தக் குழிப்பு அச்சிட்டிருப்பதைக் காண்பார்கள். சொல்லை முழுவதும் நீக்கிவிட்டாலும் தன்னந்தனியே நிற்கக்கூடிய ஓசைக்கட்டு அது. இன்றைய சினிமாவில் மெட்டு முந்தியும் சொல் பிந்தியும் வருகிறதே, இது பெரிய அநாசாரம் என்று அங்கலாய்ப்பவர்கள் இதைச் சற்று யோசிப்பார்களாக. இசையமைப்பாளர் தத்தகாரம் சொல்ல, அதில் கவிஞர் சொல்லை அமர்த்துவது சந்தம் அறிந்த தமிழருக்கு அந்நியமான வித்தையன்று. மெட்டு முந்துவது குற்றமல்ல. குறில் வரவேண்டிய இடத்தில் நெடிலையும், நெடில் வரவேண்டிய இடத்தில் குறிலையும் திணிக்கும்படி மெட்டமைத்து, தமிழைக் கொன்று பாடவைப்பதுதான் குற்றம். திருப்புகழில் ஐம்பது சந்தங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகியவன் இந்தக் குற்றத்தைச் செய்ய மாட்டான். 1964-ல் வெளிவந்த 'அருணகிரிநாதர்' படத்தில் டி. எம். சௌந்தரராஜன் நடித்துப் பாடிய திருப்புகழ், அறுபது ஆண்டு கழித்தும் ஜனங்களின் வாயில் இருப்பதற்குச் சந்தத்தின் கட்டுக் குலையாமல் இசையமைத்ததே காரணம்.

இங்கே வருத்தத்துடன் ஒன்று குறிப்பிட வேண்டும். வ. த. சுப்பிரமணிய பிள்ளை என்ற பெருமகனார் முன்சீப் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஊரூராக ஏடு தேடி அலைந்து, திருப்புகழைத் திரட்டிப் பதிப்பித்திராவிட்டால் அந்நூலின் பெரும்பகுதி கறையானுக்கு இரையாகியிருக்கும். 1,300-க்கு மேற்பட்ட பாடல்கள் கிடைத்தன. ஆனால் கிடைத்தவை சொல்லும் சந்தமுமே; அருணகிரியார் பாடிய பண் கிடைக்கவில்லை. மெட்டை எழுதிவைக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லாது போயிற்று. ஆகையால் இசையமைப்பாளனாக விரும்பும் வாலிபன், தன் மெட்டை ஸ்வரப்படுத்தி எழுதவும், தேதியிட்டுப் பத்திரப்படுத்தவும் முதல் நாளிலிருந்தே பழக வேண்டும் என்கிறோம். ஸ்வரக்குறிப்பு இருந்தால்தான் உரிமை உண்டு என்று சட்டம் சொல்லவில்லை. 1994-ல் செய்த திருத்தத்தின்படி, குறிப்பு எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசையை ஆக்கியவனே ஆக்கியோன். ஆயினும் நாளை கோர்ட்டில் சாட்சியாக நிற்கப்போவது ஞாபகமல்ல, காகிதம்.

பின்னணி இசைக்கும் இந்த ஜில்லாவிலேயே பள்ளிக்கூடம் உண்டு. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசைக் கிராமம் தெருக்கூத்துக்குப் பேர்போனது. கண்ணப்பத் தம்பிரான் போன்ற ஆசிரியர்கள் ஆடிய மண் அது. கூத்தில் ராஜவேஷம் திரைக்குப் பின்னால் நிற்கும்போதே மத்தளமும் முகவீணையும் அவ்வேஷத்தின் குணத்தைச் சொல்லிவிடுகின்றன. துரியோதனன் வரும் நடை வேறு, திரௌபதி வரும் நடை வேறு. ஆட்டக்காரன் வசனம் பேசும்போது வாத்தியம் ஒதுங்கி நிற்கும். வசனம் முடிந்த அதே கணத்தில் தாளம் எழும். விடிய விடிய உட்கார்ந்து இதைக் கவனித்தவனுக்கு, எந்த இடத்தில் வாசிப்பது என்பதைவிட எந்த இடத்தில் வாசிக்காமலிருப்பது என்பது விளங்கும். இன்று வெளிவரும் படங்கள் பலவற்றில் நடிகர் பேசுவது காதில் விழாதபடி இசை முழங்குவதைப் பார்த்தால், இசையமைத்தவர்களில் பலர் ஓர் இரவேனும் கூத்துப் பார்த்ததில்லை என்றே தோன்றுகிறது.

உள்ளூர் வித்தை மட்டும் போதுமா என்றால், போதாது. ஸ்ரீ இளையராஜாவின் சரித்திரத்தைப் பார்க்கட்டும். ரமண பகவானிடம் கொண்ட பக்தியால் 'ரமண மாலை' பாடி அருணாசலத்தோடு தம்மைப் பிணைத்துக்கொண்டவர் அவர். பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராய்க் கச்சேரி செய்தவர்; சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையைப் பாடங்கேட்டார்; ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக உழைத்தார். 'அன்னக்கிளி' 1976-ல் வெளிவந்தபோது, வாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் உரிய பகுதியைத் தாமே எழுதிக் கொடுக்கும் வல்லமை அவருக்கு இருந்தது. அந்தக் கைவல்லமையே திருவாசகத்தை 2005-ல் புடாபெஸ்ட் வாத்தியக் கோஷ்டியோடு இசைக்கவும், 2025 மார்ச் 8-ல் லண்டன் நகரில் தம் சிம்பொனியை அரங்கேற்றவும் அவரைக் கொண்டுபோயிற்று. சந்தர்ப்பம் வந்தபோது அவர் சித்தமாயிருந்தார் என்பதை வாலிபர்கள் கவனிக்க வேண்டும். அவர் உதவியாளராய் இருந்த காலத்தை யாரும் சினிமா எடுப்பதில்லை.

ஆயினும் இத்தகைய மனிதரே தம் மெட்டுகளுக்காகப் பத்தாண்டுக்கு மேலாகக் கோர்ட்டுப் படி ஏறி இறங்க நேர்ந்திருக்கிறது. இதன் காரணத்தை ஆராய்வது அவசியம்.

தமிழர்களுக்கு இது முதல் அனுபவமுமன்று. பாரதியாரின் பாடல்களை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பாடுவிக்கும் உரிமை வியாபாரிகள் கைக்குப் போய், கடைசியில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்திருந்தது. டி. கே. எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டொன்றைச் சேர்த்தபோது தகராறு மூண்டது. தேசத்துக்காகப் பாடினவன் பாட்டைப் பாடத் தேசத்தார் ஒரு கம்பெனியிடம் அனுமதி கேட்பதா என்று நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மந்திரிசபை பாரதி நூல்களின் உரிமையைச் சர்க்கார் வசமாக்கிற்று. செட்டியாரும் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். பாரதிக்குக் கிடைத்த இந்த நியாயம், அவர் காலமாகி இருபத்தெட்டு ஆண்டு கழித்துக் கிடைத்தது. எல்லா இசைவாணர்களுக்கும் ஒரு மந்திரிசபை வந்து வாய்க்காது.

சுதந்திர இந்தியாவின் காப்புரிமைச் சட்டம் 1957-ல் பிறந்தது. சினிமாவுக்காகக் கூலி வாங்கிக்கொண்டு இசையமைத்தால், மாறான ஒப்பந்தம் இல்லாதவரையில் முதல் உடைமை படமுதலாளிக்கே என்று சுப்ரீம் கோர்ட் 1977-ல் தீர்ப்புச் சொல்லிற்று. அதே தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் தனிக் குறிப்பு எழுதி, பாடகனுக்குச் சட்டத்தில் இடமே இல்லாதிருப்பதைச் சுட்டிக்காட்டினார். 'அன்னக்கிளி' வந்த மறு வருஷத்துத் தீர்ப்பு இது. அதற்குப் பின் முப்பத்தைந்து வருஷம், இந்நாட்டின் இசையமைப்பாளர்கள் அதன் நிழலிலேயே வேலை செய்தார்கள். அக்காலத்து ஒப்பந்தங்கள் எழுதப்பட்டபோது கைபேசியும் இல்லை, இணையமும் இல்லை. இல்லாத பொருளுக்கு விலை பேசுவது எப்படி? பின்னால் அவை வந்தபோது, எல்லாம் எங்களுக்கே எழுதிக் கொடுத்தாயிற்று என்றனர் கம்பெனிகள்.

2012-ல் பார்லிமெண்ட் செய்த திருத்தம் இந்நிலையைப் பெரிதும் மாற்றியிருக்கிறது. கவிஞர் ஜாவேத் அக்தர் ராஜ்ய சபையில் இதற்காகப் போராடியதை நாம் மறக்கக் கூடாது. கொட்டகையில் படத்தோடு சேர்த்துக் காட்டுவது ஒன்று நீங்கலாக, மற்ற எவ்வழியில் பாட்டு உபயோகமானாலும் அதற்குரிய ராயல்டியில் சமபாகம் பெறும் உரிமை இசையமைத்தவருக்கும் எழுதினவருக்கும் உண்டு. இந்த உரிமையைத் தம் வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல் வேறு எவருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது. சினிமாவைச் சேராத இசைப்பதிவுகளுக்கும் இவ்வாறே. கிரிவலப் பாதையில் ஒலிக்கும் பக்திப் பாட்டுக்கு மெட்டமைத்தவர் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கால அளவு குறிக்கப்படாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து வருஷத்துக்கே. இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள்ளேயே. ஒப்பந்தம் செய்த நாளில் இல்லாத புதிய மார்க்கம் ஏதேனும் பின்னர் தோன்றினால், அதைக் குறிப்பிட்டு எழுதியிருந்தாலொழிய அதன் உரிமை ஆக்கியவனிடமே நிற்கும்.

இவ்வளவு நல்ல சட்டம் இருந்தும் வாலிபர்கள் ஏமாறுவானேன்? ஒரு காரணம் வறுமை, மற்றொன்று கூச்சம். முதற் படம் கொடுக்க முன்வந்த மனிதரிடம் பத்திரத்தை வாங்கிப் படிப்பது அவமரியாதை என்று நம்மவர் நினைக்கிறார்கள். மூன்றாவது, 'பேக்கேஜ்' என்று சினிமா உலகில் வழங்கும் மொத்தக் குத்தகை முறை. ஒரு தொகையை இசையமைப்பாளர் கையில் கொடுத்து, வாத்தியக்காரர் கூலி, பாடகர் சம்பளம், ஒலிப்பதிவுக்கூட வாடகை யாவும் நீரே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது. புதியவர்கள் தொகையின் பெருமையைக் கண்டு மயங்குகின்றனர். படம் முடிவதற்குள் பாட்டு மூன்று முறை மாற்றப்படுகிறது. பின்னணி இசைக்காகப் படத்தை மறுபடி வெட்டி ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு மாறுதலின் செலவும் இசையமைப்பாளன் தலையில் விழுகிறது. முடிவில் அவன் கையில் மிஞ்சுவது டிரம்ஸ் வாசித்தவன் கூலியைவிடக் குறைவு. மாறுதல் எத்தனை தடவை, அதற்குமேல் கேட்டால் யார் செலவு என்பதை முன்னாலேயே எழுதி வாங்காத மொத்தக் குத்தகையை ஏற்காதிருப்பதே நலம். வாத்தியக்காரர் கூலியைக் கடன் வைப்பவன் அடுத்த படத்துக்கு நல்ல வாத்தியக்காரன் கிடைக்காமல் தவிப்பான் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

இனி இளையராஜா வழக்குகளுக்கு வருவோம். 2017-ல் அவர் எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினபோது, நண்பருக்கே நோட்டீஸா என்று பலர் அவரைப் பேராசைக்காரர் என்றனர். 2019 ஜூனில் சென்னை ஹைகோர்ட், இசையில் அவருக்குள்ள விசேஷ உரிமையை அங்கீகரித்தது. ஒலிப்பதிவில் கம்பெனிகளுக்குள்ள உரிமையையும் ஒதுக்கிவிடவில்லை. அதன்மேல் அப்பீல். 2024-ல் அந்த விசாரணையின்போது, பாட்டெழுதினவரும் உரிமை கேட்டால் என்ன செய்வது என்ற கேள்வி நீதிபதிகளிடமிருந்தே எழுந்தது. அது நியாயமான கேள்வி. பாட்டு ஒருவர் சொத்தல்ல. மெட்டு இவருடையது, சொல் அவருடையது, பதிவு செய்த முதல் மற்றொருவருடையது. மூவரில் எவரும் மற்ற இருவரை விழுங்கலாகாது. இளையராஜா அவர்கள் கேட்பது அதிகமா குறைவா என்பதைக் கோர்ட் தீர்மானிக்கட்டும். கேட்டதே தவறு என்பவர்களை மட்டும் நாம் கண்டிக்கிறோம். நிலத்துக்குக் குத்தகை கேட்பவனை ஒருவரும் பேராசைக்காரன் என்பதில்லை.

மறுபுறமும் உண்டு. தன் மெட்டுக்கு உரிமை கேட்பவன் பிறர் மெட்டைத் தொடாதவனாக இருக்க வேண்டும். 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தின் பாட்டொன்று தங்கள் குடும்பத்துத் துருபத் இசையினின்று எடுக்கப்பட்டதென்று டாகர் பரம்பரையினர் ஏ. ஆர். ரஹ்மான் மேல் வழக்கிட்டனர். 2025 ஏப்ரலில் டில்லி ஹைகோர்ட்டின் தனி நீதிபதி டாகர் தரப்புக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவிட்டார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அதை ரத்துச் செய்தனர். இதில் வாலிபர்கள் அறியவேண்டுவது ஒன்று. ராகம் யாருடைய சொத்துமன்று. ரீதிகௌளையில் எவரும் பாட்டமைக்கலாம். அந்த ராகத்தில் ஒருவர் கட்டிய குறிப்பிட்ட உருவம் மட்டுமே அவருடையது. பொதுவுக்கும் தனிக்கும் நடுவே உள்ள இந்த வரம்பு எங்கே என்பதைக் காதால் உணர, ஒரு ராகத்தில் பத்துப் பேர் செய்த பத்து உருப்படிகளை ஒப்பிட்டுக் கேட்பதைவிட நல்ல வழி நமக்குத் தெரியவில்லை. டைரக்டர் வேற்று நாட்டுப் பாட்டொன்றைக் கொண்டுவந்து, இதைப் போலவே வேண்டும் என்பார். அந்த இடத்தில் அதன் வேகத்தையும் மனோபாவத்தையும் எடுத்துக்கொண்டு மெட்டை விட்டுவிடுகிறவனே தொழில் தெரிந்தவன்.

யந்திரமே பாட்டுக் கட்டும் காலம் வந்துவிட்டதே, இனி மெட்டாவது உரிமையாவது என்பாரும் உளர். 'லால் சலாம்' படத்துக்காக 2024-ல் காலஞ்சென்ற இரு பாடகர்களின் குரலை யந்திரத்தால் எழுப்பியபோது, ரஹ்மான் அவர்களின் குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் அளித்ததாக அறிவித்தார். யந்திரம் வந்தாலும் கேட்டுப் பெறுவது சாத்தியமே என்பதற்கு இது அத்தாட்சி. ஆகவே என் பாட்டை யந்திரத்துக்குப் பாடமாகக் கொடுக்கலாகாது, கொடுப்பதானால் தனி விலை என்ற வாசகத்தை இன்றைய ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும்.

கடைக்காரர்கள் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதற்கெல்லாம் காசா என்று சிலர் சிரிக்கலாம். 1847-ல் பாரிஸ் நகரத்துச் சிற்றுண்டிச் சாலையொன்றில் எர்னெஸ்ட் பூர்ஷே என்ற இசைவாணரும் நண்பர்களும் உட்கார்ந்திருந்தபோது, அங்கே அவருடைய பாட்டை வாசித்தார்கள். என் பாட்டுக்கு நீர் பணம் தரவில்லை, உம் பானத்துக்கு நானும் பணம் தரமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதிலிருந்து 1851-ல் பிறந்த சங்கம் இன்றும் பிரான்சு தேசத்து இசைவாணருக்காகக் காசு வசூலிக்கிறது. இந்தியாவில் 1969-ல் தோன்றிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 2017-ல் புதிய சட்டத்தின்படி பதிவாகி அவ்வேலையைச் செய்து வருகிறது. ஆனால் அங்கத்தினராகிப் பாட்டைப் பதிவு செய்தவருக்கே அது பங்கு அனுப்பும். சிறு ஊர்களில் இருந்துகொண்டு பக்திப் பாடல்களுக்கு மெட்டமைப்பவர்களே இதில் முந்திச் சேர வேண்டியவர்கள். திருவண்ணாமலைத் தெருவோரத்துப் பூக்கடைக்காரியிடம் வசூலிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பெரிய விடுதிகளும், அப்பாட்டுகளை வைத்து விளம்பர வருமானம் ஈட்டும் கம்பெனிகளும் கொடுக்கட்டும்.

சர்க்கார் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. திருவண்ணாமலையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி நடக்கிறது. குரலிசையும் நாகஸ்வரமும் தவிலும் தேவாரமும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. அதே மாணவர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம், தங்கள் கலையை விற்கும்போது கையொப்பமிடப்போகும் பத்திரத்தைப் படிக்கக் கற்பிப்பதில் என்ன தடை? இன்று அந்தப் பத்திரங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கின்றன. மெட்டமைப்பவனோ தமிழில் சிந்திக்கிறவன். ராயல்டி, கால அளவு, இடம், மாறுதல், யந்திர உபயோகம் ஆகியவற்றைத் தெளிவான தமிழில் எழுதிய மாதிரி ஒப்பந்தம் ஒன்றைச் சட்ட இலாகாவும் கலை பண்பாட்டு இலாகாவும் சேர்ந்து தயாரித்து, எல்லா இசைப்பள்ளிகளுக்கும் அச்சிட்டு அனுப்பலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. அடுத்த பள்ளி ஆண்டு தொடங்குமுன் இது நடக்க வேண்டும்.